கடம்பவனத்தின் கடம்பு எது? ரூபியேசிக் குடும்பத்தின் கனியும் விதையும் தரும் சான்று

கடம்பவனத்தில் ஒரு கடம்பின் அடியில் இருந்த இலிங்கத்தைத் தனஞ்சயன் என்னும் வணிகன் கண்டதையும், குலசேகர பாண்டியன் அந்தக் காட்டைத் திருத்தி மதுரை நகரெடுத்ததையும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் பட்டுப்போன பழைய கடம்பின் அடிமரம் இன்றும் காப்பிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. மதுரைக்கும் கடம்புக்கும் உள்ள உறவில் ஐயமில்லை. அந்த மரம் தாவரவியலில் எது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. நியோலமார்க்கியா கடம்பா எனப்படும் பெருங்கடம்பு என்போர் பலர். மித்ராகைனா பார்விஃபோலியா எனப்படும் நீர்க்கடம்பு என்போரும், செங்கடம்பு என்போரும் உண்டு. இந்த விவாதம் பெரும்பாலும் பூவைச் சுற்றியே நடந்து வருகிறது. பூவால் தீராத இச்சிக்கலில் கனியும் விதையும் தெளிவான சான்று தருகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செங்கடம்பை முதலில் விலக்கிவிடலாம். பாரிங்டோனியா அக்குடாங்குலா என்ற அந்த மரம் லெசிதிடேசிக் குடும்பத்தது. அதன் பூக்கள் தொங்கும் சரமாக வருவன. காய் நாற்கோணமானது, நார் மிகுந்தது, ஒற்றை விதை கொண்டது. திருமுருகாற்றுப்படை முருகன் மார்பில் காட்டும் கடம்பு மாலையின் பூ தேருருளை ஒத்த வட்டப் பூ. சரமாகத் தொங்கும் பூவுக்கு அந்த வருணனை பொருந்தாது.

எஞ்சிய இரண்டும் ரூபியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜுஸ்ஸியூ 1789-இல் வகுத்த இக்குடும்பம் பூக்கும் தாவரங்களில் நான்காவது பெரியது. 13,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. இதன் சூற்பை பெரும்பாலும் கீழ்மட்டமானது. அதனால் காய் முற்றிய பிறகும் அதன் தலையில் புல்லிவட்டம் சிறு கிரீடமாகவோ தழும்பாகவோ நிற்கும். அந்த ஒற்றுமைக்கு உள்ளே கனிகள் வியக்கத்தக்க அளவு வேறுபடுகின்றன. மதுரையைச் சுற்றி ஒரு நாள் நடந்தாலே இதைக் காணலாம். காரைப்பழம் கொட்டை உள்ள சதைக்கனி. மருக்காரையின் காய்க்குள் பல விதைகள் சதையில் புதைந்து கிடக்கும். அதை அரைத்து மீன்பிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். துணிக்குச் சிவப்புச் சாயம் தந்த சாயவேர்ச் செடியில் நுண்விதைகள் நிறைந்த சிறு வெடிகனி. சிறுமலைத் தோட்டங்களின் காப்பிப் பழத்தில் முகம் நோக்கிய இரு விதைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். மஞ்சணத்தியில் பல பூக்களின் சூற்பைகள் உண்மையாகவே இணைந்து ஒரே கூட்டுக்கனியாகின்றன. கருத்துப் பழுத்த அந்தக் கனியைத் தின்று வாயைக் கறையாக்கிக் கொள்ளாத பிள்ளைகள் இச்சீமையில் குறைவு.

இக்குடும்பத்தில் உருண்டைப் பூத்திரள் பல மரங்களுக்குப் பொது. அதனால்தான் பூவை மட்டும் பார்த்தவர்கள் தடுமாறினார்கள். வில்லியம் ராக்ஸ்பர்க் நீர்க்கடம்பையும் இதே குடும்பத்து மரமான மஞ்சள்கடம்பையும் 1795-இல் நாக்லியா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். பெருங்கடம்பும் பின்னர் 1824-இல் அச்சான அவரது இந்தியத் தாவர நூலில் அதே பேரினத்தில்தான் சேர்ந்தது. மூன்றும் இன்று மூன்று பேரினங்கள். பெருங்கடம்பு நெடுங்காலம் சுமந்த ஆந்தோசெஃபாலஸ் என்ற பெயரும் குழப்பத்தில் பிறந்ததே. அப்பெயருக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட லமார்க்கின் மாதிரி மடகாஸ்கரின் வேறொரு மரத்துக்குரியது என்பதைக் காட்டி, பொஸ்ஸே நியோலமார்க்கியா என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். ரிட்ஸ்டேல் 1978-இல் இக்கூட்டத்தைத் திருத்தி எழுதியபோது கனியின் அமைப்புக்கும் விதையின் வடிவுக்கும் பெரிய இடம் கொடுத்தார். பூச்செண்டைப் பிரித்துப் பார்ப்பதைவிடக் காயை உடைத்துப் பார்ப்பது இங்கே நம்பகமான வழி.

உடைத்தால் கிடைப்பது இதுதான். பெருங்கடம்பில் சிறுகனிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே பழம் போன்ற மஞ்சள் உருண்டையாகத் திரளும். மஞ்சணத்தியைப் போல அவை ஒட்டிப்போவதில்லை. தோற்றம் மட்டுமே ஒன்று. பழுத்தால் சதைப்பற்று உண்டு. வௌவாலும் குரங்கும் தின்னும். விதைகள் மிக நுண்ணியவை, கோணல்மாணலானவை, இறகற்றவை. நாற்றங்காலில் மெல்லிய மணலோடு கலந்துதான் தூவ முடியும். நீர்க்கடம்பின் உருண்டை இதைவிடச் சிறியது. அதில் ஒவ்வொரு சிறுகனியும் வரிகளுடைய உலர்ந்த வெடிகனி. அது பிளந்தால் இருமுனையிலும் குட்டை இறகு கொண்ட பொடி விதைகள் காற்றில் கிளம்பும். மஞ்சள்கடம்பும் உலர்கனி மரமே. ஆனால் அது அழகர்மலை, சிறுமலை போன்ற மலைச்சாரல்களின் இலையுதிர்காட்டு மரம்; சமவெளி வனத்துக்கு அதை முன்வைப்பது கடினம்.

இந்த வேறுபாடு மதுரை மண்ணோடு எப்படிப் பொருந்துகிறது? இம்மாவட்டத்தின் ஆண்டு மழை 850 மி.மீ. அளவில் நிற்கிறது, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பெருங்கடம்பு இயற்கையாகச் செழிப்பது பெரும்பாலும் 1,500 மி.மீ.க்கு மேல் மழை பெறும் ஈரக்காடுகளில். சதைக்கனியை நம்பிப் பரவும் மரத்துக்கு, அதைத் தின்று திரியும் விலங்குகளும் விழுந்த இடத்தில் நீடிக்கும் ஈரமும் வேண்டும். நீர்க்கடம்புக்கோ காற்றே போதும். உலர்ந்த சமவெளியைக் கடந்து அடுத்த கண்மாய்க்கு விதையைக் கொண்டு சேர்க்க இறகுள்ள விதைதான் உதவும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடும் உண்டு. இவ்வளவு சிறிய விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. அது வெயில்படும் ஈர வண்டலில் விழுந்தால்தான் நாற்றாகும். காய்ந்த செம்மண்ணிலோ புல் மூடிய தரையிலோ முளைத்த வேகத்தில் கருகும். எனவே கடம்பு தானாகத் திரண்டு வனமாகியிருந்தால், அது வைகையின் வெள்ளச் சமவெளியிலும் நீர் வற்றும் கண்மாய் விளிம்புகளிலும்தான் நடந்திருக்க வேண்டும். கடம்பவனம் என்பதை வறண்ட முட்காடாகக் கற்பனை செய்வது தவறு. அது ஆற்றோர நீர்நிலக் காடு. நீர்க்கடம்பு நீர்தேங்கும் தாழ்வுகளில் கூட்டமாக வளரும் இயல்புடையது என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது.

மறுப்புகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பெருங்கடம்பின் பெரிய பூ உருண்டை மாலைக்கு அழகாகப் பொருந்தும் என்பது உண்மை. வடநாட்டு வழக்கில் கதம்பம் பெரும்பாலும் அதையே குறிக்கிறது என்பதும் உண்மை. கோயிலில் நின்ற மரம் நீரூற்றி வளர்க்கப்பட்டதாக இருக்கலாம்; எனவே அந்த ஒரு மரம் எதுவாகவும் இருந்திருக்கலாம். அதன் அடிமரத்தில் இனிக் காய் கிடைக்காது. மரவெட்டு ஆய்வு ஒன்றே வழி, அதற்குக் கோயில் நிர்வாகம் இசைய வேண்டும். ஆனால் ஒரு முற்றத்தில் நட்டு வளர்த்த மரம் வேறு, நட்டுவைக்க ஆளின்றித் தானே பரவிய வனம் வேறு. வனத்தைப் பற்றிய கேள்விக்குக் கனியும் விதையும் மழையும் சேர்ந்து சொல்லும் விடை நீர்க்கடம்பு.

தலமரம் நடும் ஆர்வத்தில் இப்போது நாற்றங்கால்களில் கிடைப்பது பெரும்பாலும் பெருங்கடம்பு. விரைவாக வளர்வதால் அதை விற்பது எளிது. அதை வீட்டுத் தோட்டத்தில் நடுவதில் குற்றமில்லை. மாடக்குளம், வண்டியூர் போன்ற கண்மாய்களின் கரைகளில் கடம்பவனத்தை மீட்கிறோம் என்று நடுவோர் மட்டும், அழகர்மலை அடிவாரத்திலும் பழைய கண்மாய்க் கரைகளிலும் எஞ்சி நிற்கும் நீர்க்கடம்புகளிலிருந்து, உருண்டைகள் பிளக்குமுன் விதை சேகரிக்க வேண்டும். கல்லூரித் தாவரவியல் துறைகள் காயோடு கூடிய கிளைகளை உலர்த்தி, இடமும் தேதியும் குறித்துத் தம் உலர்தாவரத் தொகுப்புகளில் சேர்த்து வைக்க வேண்டும். காயில்லாத மாதிரியைக் கொண்டு இம்மரங்களுக்குப் பெயர் சூட்டும் பழக்கத்தை மாணவர்கள் கைவிட வேண்டும்.