யாருடைய பிரதிநிதி?

திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தரும் அட்டைக்கு டெலிகேட் பாஸ் என்று பெயர். டெலிகேட் என்றால் பிரதிநிதி. யாருடைய பிரதிநிதி? நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கி, கைரளி தியேட்டர் வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான்.

அரசு சொல்லும் வரலாறு 1996-ல் தொடங்குகிறது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஆரம்பித்தது, 1998-ல் உருவான சலச்சித்திர அகாடமி ஏற்று நடத்தியது, அவ்வளவுதான். இந்தக் கதையாடலில் பார்வையாளன் அரசு கூப்பிட்டு வந்தவனாகிவிடுகிறான். உண்மையில் முப்பது வருஷம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தவன் அவன். (அவன் என்றே எழுதுகிறேன், அப்போது பெரும்பாலும் அவன்தான்.) 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். பிறகு சின்ன ஊர்களில்கூட சொசைட்டிகள் முளைத்தன. படித்தவர்களின் ரசனைக் கூடம் என்று அவற்றைச் சொன்னால் ஒரேயடியாக மறுத்துவிட முடியாது.

அந்தக் கூடத்தின் சுவரை இடித்தவர் ஜான் ஆபிரகாம். 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர் என்பதால் நமக்கும் கொஞ்சம் சொந்தம். 1984-ல் ஒடேசா என்ற கூட்டமைப்பு. ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் காசு பிரித்து எடுத்த படம் 'அம்ம அறியான்' (1986). காசு போட்டவன் டிக்கெட் வாங்கினவன் இல்லை, பங்காளி. ஜான் 1987-ல் இறந்துபோனார். பங்காளி என்ற அந்த நினைப்பு மட்டும் போகவில்லை என்று படுகிறது.

விழாவில் கேட்கும் கூச்சலை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். 2022 டிசம்பரில் 'நண்பகல் நேரத்து மயக்கம்' வந்தது. ஒரு மலையாளி தமிழ்க் கிராமத்துக்குள் இறங்கி, அங்கே காணாமல் போனவனாகவே நடமாடுகிற படம். இடம் கிடைக்காதவர்கள் சண்டை போட்டார்கள், போலீஸ் வழக்குப் போட்டது. நிறைவு விழாவில் அகாடமித் தலைவர் பேச எழுந்ததும் ஊளை. பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருது அந்தப் படத்துக்கே போனது. 2016-ல் இன்னும் மோசம். திரையரங்குகளில் தேசியகீதம் கட்டாயம் என்று நவம்பர் 30-ல் உச்சநீதிமன்றம் சொல்ல, டிசம்பர் விழாவில் எழுந்து நிற்காதவர்களைக் கைது செய்தார்கள். கட்டாயமில்லை என்று 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அரசுக்கு அக்கறை இருக்கத்தான் செய்கிறது.

அதற்காக இந்தக் கூட்டத்தைப் புனிதமாக்கவும் எனக்கு மனசில்லை. 2013-ல் கிம் கி-டுக்கை மொய்த்துக் கொண்டாடிய கூட்டம்தான் இது. 2018-ல் கொரிய நடிகைகள் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள். நாம் எதைக் கைதட்டிப் பார்த்தோம் என்று பேச வேண்டியிருந்தது. பேசினவர்கள் கொஞ்சம் பேர்தான். அதே வருஷம், வெள்ளத்துக்குப் பிறகு, அட்டையின் விலை 2000 ரூபாய். காசு பிரித்த ஒடேசாவை நினைத்துக்கொண்டே நானும் கட்டினேன்.

ஒடேசா என்றாலே ஐசன்ஸ்டைனின் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். 2025 டிசம்பரில் மத்திய அரசு முதலில் அனுமதி மறுத்த 19 படங்களில் பாலஸ்தீனப் படங்களோடு, நூறு வயசான 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்'னும் இருந்தது.