பக்கவால்வு எஞ்சினின் அழுத்த விகிதத்தை உயர்த்துதல்

வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்த பழைய பெட்ரோல் எஞ்சினில், எரிகலனின் கொள்ளளவைக் குறைத்துத் திறனைக் கூட்டும் பட்டறை வேலை. இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம், 1940களின் இறுதியில் மஹிந்திரா மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்.

அதன் 2,199 கன செ.மீ. எஞ்சினின் அழுத்த விகிதம் 6.48:1, அக்காலத்துக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கேற்ற அளவு. இன்றைய பெட்ரோலில் 7:1 தாராளமாகத் தாங்கும். அதற்கு ஒரு சிலிண்டரின் எரிகலன் 100 கன செ.மீ.யிலிருந்து சுமார் 92 ஆக வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பை அரைத்தெடுப்பதே வழக்கம்: எரிகலன் வாய் 80 சதுர செ.மீ. என்றால் 1 மி.மீ. போதும்.

அரைத்தபின் வால்வுகளின் மேல் களிமண் வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். களிமண் மெலிந்த இடத்தில்தான் வால்வு இடிக்கும்.

பேராசை ஆகாது. கலவை வால்விலிருந்து சிலிண்டருக்குள் போகும் வழியும் குறுகுவதால், மிகுதியாக அரைத்த எஞ்சின் மூச்சுத் திணறும். விகிதம் மிகுந்தால் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டவும் செய்யும்; அதற்குத் தீர்வு கண்டவர் ஆங்கிலப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. முதல் உலகப்போரை அடுத்து அவர் வடிவமைத்த ஹெட்டில் எரிகலன் வால்வுகளின் மேலே ஒதுங்கியது. பிஸ்டன் ஹெட்டின் தட்டைப் பகுதியை நெருங்கும்போது கலவை பிதுங்கிச் சுழன்று விரைவாக எரிந்தது.