பூ தெரியுது, ஆள் தெரியல

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். கொழும்புப் பக்கமிருந்து வாகனங்கள் வரிசையாக மலையேறும். விக்டோரியா பூங்காவிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் பக்கத்தில் நின்று எல்லாரும் படம் எடுப்பார்கள். நாங்களும் எடுப்போம். பூவைப் பார்த்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனால் இந்த 'வசந்தம்' தானாக வந்ததல்ல. பனி உருகிப் பூப்பூக்கிற காலம் இலங்கையில் கிடையாது. கீழே வெயில் கொளுத்துகிற மாதத்தில், 6,000 அடிக்கு மேலே இருக்கிற இந்த ஊருக்கு வெள்ளைக்காரர்கள் ஏறி வந்தார்கள். தங்கள் ஊர்த் தோட்டங்களில் வளர்த்த பூக்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றிலும் டேலியாவின் சொந்த ஊர் மெக்சிக்கோ.

ஹக்கல முதலில் பூவுக்காக உண்டானதே இல்லை. 1861இல் அங்கே தொடங்கியது சின்கோனா நடுகை. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அந்த மரத்தின் பட்டையில் கிடைத்தது. அழகுக்கான பூங்கா பிறகுதான் வந்தது. நகரத்துப் பூங்காவுக்கு, விக்டோரியா அரசி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததையொட்டி, 1897இல் அவர் பெயரை வைத்தார்கள்.

அரசியின் பெயர் இன்னும் இருக்கு. பாத்தி வெட்டினவங்க பெயர்?

மலையகத்தில் 'தோட்டம்' என்றால் பூந்தோட்டம் நினைவுக்கு வராது, தேயிலைதான் வரும். தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் முன்னோர் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டினார்கள். தேயிலைக்குக் கவ்வாத்து பண்ணிய அதே சனத்தில் சிலர்தான் துரை பங்களாவில் ரோஜாவுக்கும் கவ்வாத்து பண்ணினார்கள்.

படம் எடுக்கிற கதையும் இங்கே பழசு. புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அவர்கள் குடும்பத்துக்கு மலையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. பூக்களை வரைவதற்காகவே உலகம் சுற்றிய மரியான் நோர்த் களுத்துறைக்கு வந்தபோது, 1877இல், கேமரன் அவரைப் படமெடுத்தார். அந்தப் படம் நோர்த்தின் பெயரோடு இன்றும் இருக்கிறது.

கேமரன் இலங்கையில் எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நிற்கிற உள்ளூர்க்காரர்கள், தொழிலாளர்கள் பலருக்குப் பெயரில்லை. 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரி ஒரு தலைப்பு மட்டும்தான். கேமரன் 1879இல் இறந்தார். பொகவந்தலாவ சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

பூ ஒரு குற்றமும் செய்யல. ரசிப்போம், படமும் எடுப்போம். நம்ம வீட்டில் பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா இருந்தால், லய வாசலில் டேலியாக் கிழங்கு ஊன்றுகிற அப்பாயி இருந்தால், அவங்களையும் பூவோடு நிறுத்தி ஒரு படம் எடுப்போம். கீழே பெயர், தோட்டம், டிவிசன், வேலை செய்த வருடங்கள் எல்லாத்தையும் எழுதி வைப்போம். பழைய படங்களில் அந்த ஒரு வரி இல்லாததால்தான் இன்றைக்கு எங்கள் ஆட்களை நாங்களே தேட வேண்டியிருக்கு.