ஐகான் மாற்றிய காலம்

கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் படங்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

'ஐகான்' என்ற பெயரைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1975-ல் அவர் எழுதிய ஆய்வேட்டில் அது வருகிறது. பிறகு அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1981-ல் வெளிவந்த 'ஸ்டார்' கணினியில் காகிதம், ஃபைல், தபால் தட்டு எல்லாம் படங்களாகத் திரைக்கு வந்தன.

1984-ல் வந்த மெக்கின்டாஷுக்குப் படம் வரைந்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். கட்டம் போட்ட நோட்டில், குறுக்கே 32, நெடுக்கே 32 என்று 1024 கட்டங்களைக் கருப்பாக்கியும் வெறுமனே விட்டும் வரைந்தார். நம் வீட்டுப் பெண்கள் மார்கழிக்கு முன்பே நோட்டில் கோலம் போட்டுப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-வுக்கும் அவர் வரைந்தார். அதில் 16 நிறங்கள்.

விண்டோஸுக்காக எழுதிய புரோகிராம் தன் படத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் போன்ற பழைய டாஸ் புரோகிராம்களில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே 'எம்எஸ்-டாஸ்' படம்தான் வரும்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த மூத்த எழுத்தர் ஒருவர், படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்து தெரியாமல் அடிக்கடி வேறெதையோ திறந்துவிடுவார். இளவட்டங்கள் சிரித்தார்கள். அதோடு அவர் மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டார். "நமக்கு லெட்ஜரே போதும் சார்" என்பார்.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் இதற்கு வழி இருந்தது. படத்தை ஒருமுறை கிளிக் செய்து, ஃபைல் மெனுவில் 'ப்ராப்பர்டீஸ்', அதில் 'சேஞ்ச் ஐகான்'. 'மோர்ஐகான்ஸ்' என்ற கோப்பில் ஏராளமான படங்கள் தயாராக இருக்கும். பிடிக்காவிட்டால் ஐகான் எடிட்டரில் நாமே வரையலாம். அப்படி வரையும் 16 நிறப் படத்தின் அளவு வெறும் 766 பைட். அதில் 512 நிறங்களுக்கு. 128, எந்தக் கட்டத்தில் பின்னணி தெரிய வேண்டும் என்று சொல்ல. மீதி தலைப்பும் நிறப் பட்டியலும்.

ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, சம்பளப் பட்டியலுக்கு நாணயக் குவியலும், கடிதங்களுக்கு ஒரு பேனாவும் வரைந்து வைத்தேன். மறுநாள் அவர் நாணயத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மவுஸை எடுத்தார். ஓய்வு பெறும் நாள்வரை சம்பளப் பட்டியலை அவரே போட்டார்.

போன மாதம் என் மகள் என் கைப்பேசியில் படங்களைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.