திருச்செங்கோடு

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கில், ஈரோட்டுக்குக் கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், செந்நிறப் பாறை மலை ஒன்றின் அடிவாரத்தில் அமைந்த சந்தை நகரம் திருச்செங்கோடு. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. காவிரி பக்கத்தில் பள்ளிபாளையத்தைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும், ஊரைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் பெரும்பாலும் மானாவாரிதான். இந்த வறட்சியே ஊராரைப் பல தொழில்களில் இறக்கியது.

மலைமேல் இருப்பது அர்த்தநாரீசுவரர் கோயில். ஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூர் என்று பாடிய இத்தலம், கொங்கு நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. மூலவர் வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் நிற்கிறார். அருணகிரிநாதர் பாடிய செங்கோட்டு வேலவர் சந்நிதியும் இங்கேதான் உள்ளது. உச்சிவரை வண்டிப்பாதை உண்டு. ஆனால் 1,200க்கும் மேற்பட்ட படிகளில் ஏறினால்தான் மலையின் அழகு தெரியும். வழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாகத்தின் மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடக்கும். அறுபதாம் படியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள் என்பதால், கொடுக்கல் வாங்கல் வழக்குகளை அங்கே தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வைகாசித் தேர்த்திருவிழாவுக்குச் சாமி மலையிறங்கி ஊருக்குள் வந்து தங்கும்.

வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி, மஞ்சள், எள் ஏலம் நடக்கிறது. மூட்டைகள் குவியல் குவியலாக அடுக்கப்பட்டிருக்க, வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலும் கைவிட்டுப் பார்த்து விலை கேட்பார்கள். மஞ்சளில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு வேறு விலை. ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் விசைத்தறிகள் ஓடுகின்றன.

நாடு முழுதும் இவ்வூரை அறியவைத்தது ஆழ்துளைக் கிணறு. துளையிடும் ரிக் ஒரு லாரியிலும், பாறைத்தூளை வெளியே ஊதித் தள்ளும் காற்றுக்கான கம்ப்ரசர் இன்னொரு லாரியிலுமாகச் சோடி சோடியாக இங்கிருந்து வடமாநிலங்களுக்குக் கிளம்புகின்றன. இத்தொழில் செய்வோர் ஆப்பிரிக்காவிலும் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். ஓட்டுநரும் கூலியாட்களும் மாதக்கணக்கில் வண்டியோடே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்துறங்குகிறார்கள். ஊரின் செழிப்பில் அவர்கள் உழைப்புக்குரிய பங்கு பெரிது.

அருகிலுள்ள புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் அளித்த நிலத்தில் 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் பணிகள். மதுவிலக்குக்காக அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் எழுத்தாளர் கல்கி பணியாற்றினார். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலுக்கும் இவ்வூரும் இதன் தேர்த்திருவிழாவுமே களம்.