மாகன் நூலகம்

மாகன் நூலகம் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் முதன்மை நூலகம் ஆகும். இது இலண்டனின் சான்சரி லேன் தெருவில் அமைந்துள்ளது. நன்கொடை வழங்கிய முன்னாள் மாணவர் டெரிக் மாகனின் பெயரைக் கொண்டது.

வரலாறு

இக்கட்டடம் பொது ஆவணக் காப்பகத்துக்காகக் கட்டப்பட்டது. ஜேம்ஸ் பென்னத்தோர்ன் வடிவமைத்த இதன் கட்டுமானம் 1851 இல் தொடங்கியது. 1834 இல் பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததை அடுத்து, அரசு ஆவணங்களைத் தீயிலிருந்து காப்பது முதன்மைத் தேவையாயிற்று. எனவே உட்பகுதி தடித்த சுவர்கள் கொண்ட சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாதிருக்க இது உதவியது.

நூலகமாக மாற்றம்

ஆவணங்கள் கியூவுக்குக் கொண்டு செல்லப்பட்டபின், 2001 இல் இக்கட்டடம் கிங்ஸ் கல்லூரியின் நூலகமாயிற்று. பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆதலால் பழைய அறைகள் பலவும் இடிக்கப்படாமல் நூல் அறைகளாயின. பன்னிரு பக்கங்கள் கொண்ட வட்ட வாசிப்பறையும் பேணப்பட்டது. ஆவணங்களைப் பூட்டிக் காக்க எழுந்த அறைகளில் இன்று மாணவர்கள் படிக்கின்றனர்.