ஒரு சந்தும் வைக்கமும்

எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போய்வரும் பொதுச் சந்து ஒன்று உண்டு. "சத்தம் தாங்கல சார், அடைச்சிரலாம். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு வைக்கம் நினைவுக்கு வந்தது.

அன்று வைக்கமும் எங்கள் குமரி மாவட்டமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்கள் பொதுத் தெருக்கள்தான். ஆனாலும் ஈழவரும் புலையரும் அவற்றில் நடக்கக் கூடாது. 1924 மார்ச் 30-இல் சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானதும் ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இரண்டு முறை சிறை சென்றார். 1925 மார்ச்சில் காந்தியடிகள் இண்டந்துருத்தி மனை என்ற நம்பூதிரி வீட்டுக்குப் பேசப் போனார். அவரையே உள்ளே விடாமல் வெளியே உட்காரவைத்துத்தான் பேசினார்கள். இணங்கவும் இல்லை. அந்த நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கோயில் கதவு திறக்க 1936 ஆனது.

அந்த மனை இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகம்!

சத்தமும் சாதியும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் பொது வழி வீட்டுக்காரர் தயவில் இருக்கக் கூடாது. நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பிள்ளைகள் "குட்மார்னிங் சார்" சொல்லிப் போகிறார்கள்.